கோடையின் அறியாக் காய்கனிகளும் நமது அடுப்பும்

(நகரசபையின் தமிழ்மொழிச் சேவைகள் பகுதியினர் ஒழுங்குசெய்த கோடைகாலச் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



சமையலைப் பற்றிப் பேசுவதற்குச் சமையலில் வல்லவர் ஒருவரையே அழைத்திருக்க வேண்டும். நான் சட்டம் பயின்றவன். இந்நகரசபையின் அறிவித்தல்களை டேனிய மொழியிலிருந்து தமிழாக்கித் தருவது எனது தொழில். அவ்வாறிருக்க என்னை ஏன் இம்மேடையில் நிறுத்தினார்கள் என்று நீங்கள் வினவலாம். காரணம் நான் செய்த ஒரு பிழையேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கோடைகாலக் காய்கனிகளைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பணி எனக்குக் கிடைத்தது. அதில் 'ஸ்டிக்கல்ஸ்பேர்' என்றொரு பழம் இடம்பெற்றிருந்தது. அகராதியைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் 'கூஸ்பெரி' என்றிருந்தது. கூஸ்பெரிக்குத் தமிழ் அகராதி 'நெல்லிக்காய்' என்றது. நானும் அவ்வாறே எழுதிவிட்டேன். இரு வாரங்கள் கழிந்து ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நெல்லிக்காய் வந்திருக்கெண்டு எழுதியிருக்கிறியள். நான் மூண்டு கடை ஏறி இறங்கிப்போட்டன். ஒண்டிலையும் இல்லை. எனக்குச் சீனி வருத்தம், அதுதான் தேடினனான்" என்றார். நமது ஊர் நெல்லிக்கும் இந்நாட்டு ஸ்டிக்கல்ஸ்பேருக்கும் உறவேதும் இல்லை. ஒன்று மரத்திற் காய்ப்பது. மற்றையது முட்செடியிற் காய்ப்பது. அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று தொட்டு, மொழிபெயர்க்கும் காய்கனி எதுவாயினும் அதனை வாங்கி, நறுக்கி, சுவைத்துப் பார்த்த பின்னரே அதற்குப் பெயர் எழுதுவது எனது வழக்கமாயிற்று. இன்று நான் கூறப்போவது அவ்வாறு சுவைத்து அறிந்தவற்றையே.

முதலில் ஒன்றைக் கூறிவிடுகின்றேன். கடையில் இருக்கும் டேனியப் பெயரை அவ்வாறே மனத்திற் கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டாம். வாங்கும் இடத்தில் அந்தப் பெயரே உதவும். சமைக்கும் இடத்தில் அதன் சுவையே உதவும். புளிப்பா, கைப்பா, நீர்ப்பிடிப்பா, மாப்பிடிப்பா என்று நாவிற்குத் தெரிந்துவிட்டால், நமது தாய்மார் அப்பொருளை எந்தச் சட்டியில் இட்டிருப்பர் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இது நமக்குப் புதியதுமன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் வாயிலாகவே நம்மிடம் வந்தது. இன்று செத்தல் மிளகாய் இல்லாத யாழ்ப்பாணத்துக் குழம்பை நினைத்தும் பார்க்க முடியாது. நாம் 'கோவா' என்று அழைக்கும் மரக்கறியின் பெயர் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. நாம் 'குசினி' என்பதும் அவ்வாறே. 'நோக்கோல்' என்பதில் உள்ள 'கோல்' கோவா இனத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல். இங்குள்ள கடைகளில் 'ஸ்பிஸ்கோல்', 'கிளாஸ்கோல்', 'கிறன்கோல்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறீர்கள் அல்லவா? அந்தக் 'கோல்' இந்தக் 'கோல்' உடன் உடன்பிறந்ததே. கிளாஸ்கோல் என்பது வேறொன்றுமன்று, நமது நோக்கோலேதான். முப்பது ஆண்டுகளாக இந்நாட்டில் வாழும் சிலர்கூட அதனைக் கடந்து செல்வதைக் கண்டிருக்கின்றேன்.

இனி, வசந்தத்தின் இறுதியில் முதலில் வரும் ரபார்பரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். செங்கீரைத் தண்டு போன்று நீண்டு, சிவப்பும் பச்சையுமாக இருக்கும். டேனியர் இதனைச் சீனியிட்டு அவித்து இனிப்பாக்கி உண்பர். அதனாலேயே நம்மவர் பலர் 'இது நமக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிட்டனர். சீனியை மறந்துவிட்டு ஒரு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கிளிச்சொண்டு மாங்காயின் புளிப்பு அப்படியே இருக்கும்.

இது காயா, கனியா, கீரையா என்ற வினா சட்டத்துறையினருக்கு மிகவும் பிடித்தமானது. தாவரவியற்படி இது ஓர் இலைக்காம்பு, எனவே மரக்கறி. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டுப் பழப்பாகுப் பணிப்புரையில் ரபார்பர்த் தண்டு 'பழம்' என்று கொள்ளப்பட்டுள்ளது. கரட்டும் பூசணியும் வற்றாளைக்கிழங்கும்கூட அங்கே பழங்களே! முன்னர் 1893இல் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம், சுங்கவரி வழக்கொன்றில், தக்காளி மரக்கறியே என்று தீர்ப்பளித்தது. வரி விதிப்போர் ஒருவாறும் பாகு காய்ச்சுவோர் வேறொருவாறும் கூறுகின்றனர். நாம் குழம்பு வைப்போர். நமக்கு அது மாங்காய்.

மைசூர்ப் பருப்பு 200 கிராமைக் கழுவி, மஞ்சள், உள்ளி, பச்சை மிளகாய் இட்டு அவியுங்கள். பருப்பு மலர்ந்த பின்னர், ஒரு விரற்கடை அளவாக நறுக்கிய ரபார்பர்த் தண்டு 150 கிராமைச் சேருங்கள். ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் தண்டு கரைந்து உருத்தெரியாது போய்விடும். கரைந்தாலும் சுவை கெடாது, ஆயினும் கடிபடும் துண்டுக்கு ஓர் இன்பம் உண்டு. அடுப்பை அணைத்த பின்னரே தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் திரைந்துவிடும். இறுதியிற் கடுகு, சீரகம், செத்தல், வெண்காயம் தாளித்துக் கொட்டுங்கள். பழப்புளி சேர்க்கக் கூடாது. மீன்குழம்பிலும் பழப்புளிக்குப் பதிலாக இரண்டு தண்டு இட்டுப் பார்த்தோம். மத்தி இன மீனுக்கு நன்கு பொருந்தியது, கொட் மீனுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

ரபார்பரில் மூன்று எச்சரிக்கைகள் உள. இலையை உண்ணவே கூடாது. கீரை போன்று அகன்று செழித்திருக்கும் அவ்விலையைக் கண்டால், 'வீணாகின்றதே, வறை வறுப்போம்' என்று நமது கை நீளும். அதில் ஒட்சாலிக் அமிலம் பெருமளவில் உண்டு, அது நஞ்சு. தண்டிலும் ஓரளவு இருப்பதால், சிறுநீரகக் கல்லோ சிறுநீரக நோயோ உடையவர்கள் வைத்தியரைக் கேட்காது உண்ண வேண்டாம். மற்றையோரும் நாள்தோறும் உண்ணற்க. அலுமினியப் பாத்திரத்தில் சமைக்க வேண்டாம், அமிலம் உலோகத்தை அரிக்கும். டேனியர் யூன் 23ஆந் திகதி மாலை, சங்க்ற் ஹான்ஸ் தீ மூட்டும் நாளோடு ரபார்பர் பறிப்பதை நிறுத்துவது வழக்கம். அஸ்பார்கஸ் அறுவடையும் அன்றோடு முடியும். அடுத்த ஆண்டுக்குச் செடி வலுப்பெற இடம்விட வேண்டும் என்பதே காரணம்.

ஸ்டிக்கல்ஸ்பேர் யூலை மாதத்தில் வரும். பழுக்குமுன் பச்சையாக இருக்கும்போதே வாங்குங்கள். அரைக் கிலோவை எடுத்து, காம்பையும் நுனியையும் கிள்ளிக் கழுவி, துணியில் பரப்பி ஈரமறத் துடையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி உப்பில் ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த கடுகு, சிறிது வெந்தயம், காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் சேர்த்தால் ஊறுகாய் ஆயிற்று. குளிர்பெட்டியில் வைத்து இரு வாரத்தினுள் முடித்துவிட வேண்டும். இங்குள்ள வெயில் ஊறுகாய்க்குப் போதாது. மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்த ஊர்ப் பழக்கத்தை இங்கு நம்ப வேண்டாம். றிப்ஸ் என்னும் சிறு செம்மணிப் பழத்தையும் அவ்வாறே புளிக்காகக் கொள்ளலாம். ஒரு கைப்பிடியை மசித்து வடித்து, மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டால் நல்ல இரசம். கருநிறச் சோல்பேரில் இரசம் வைத்துப் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் உண்ணவில்லை.

இப்பழங்களை எல்லாம் சேர்த்து டேனியர் செய்யும் செந்நிறக் கூழைப் பற்றி உங்களுக்குக் கூற வேண்டியதில்லை. இந்நாட்டிற்கு வந்த முதல் மாதத்திலேயே 'றோள்குறோள் மெள் ஃப்லோள' என்று சொல்லச் சொல்லி நம் எல்லோரையும் சிரித்திருப்பார்கள். 'ழ' பழகிய நாவிற்கு அது அவ்வளவு கடினமன்று என்பது எனது கருத்து. சொல்லத்தான் பழகினோம், உண்ணப் பழகினோமா? சவ்வரிசிக் கஞ்சி உண்போருக்கு அது அந்நியமாய் இராது. கோடையில் விற்கும் கொல்ஸ்கோல் என்னும் குளிர் மோர்ப்பாயசத்தைப் பற்றியும் ஒரு சொல். அதில் முட்டை சேர்ப்பது வழக்கம். விரதம் பிடிப்போரும் முட்டை உண்ணாதோரும் பெட்டியின் மேலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்த பின்னரே வாங்குங்கள். அதே தட்டில் இருக்கும் கேர்னமெல்க் வெறும் மோர். மோர்க்குழம்பிற்கும் மோர்மிளகாய்க்கும் அதனைவிட வேறெதுவும் வேண்டாம்.

சீனி வருத்தம் உடையோர் பழங்களை அஞ்சுகின்றனர். நான் வைத்தியன் அல்லன். எனினும் அளவு ஒன்றைச் சொல்லலாம். 100 கிராம் பழுத்த மாம்பழத்தில் ஏறத்தாழ 14 கிராம் சீனி உண்டு. அதே அளவு ஸ்ட்ரோபெரியில் ஏறத்தாழ 5 அல்லது 6 கிராமே உண்டு. 2021இல் வெளியான இந்நாட்டு அரசின் உணவு அறிவுரை நாளொன்றுக்கு 600 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணுமாறு கூறுகின்றது. 100 கிராம் அவித்த பருப்பு, கடலை வகைகளையும் உண்ணுமாறு அதே அறிவுரை கூறுகின்றது. அதனைத் தமிழில் வாசித்தபோது எனக்குச் சிறிது சிரிப்பு வந்தது. பருப்பைப் பொறுத்தவரை நாம் அரசுக்கு முந்திக்கொண்டோம், மரக்கறியிற்றான் பின்தங்கி நிற்கின்றோம். சோற்றுமலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வறை வைத்துவிட்டு 'மரக்கறிச் சாப்பாடு' என்று நாம் பெயரிடுவது உண்மைதானே?

புதிய உருளைக்கிழங்கு மே இறுதியிலோ யூனிலோ வரும். சம்சோ தீவினதும், 1873இல் தொடங்கிக் கடலை வடித்து நிலமாக்கிய லாம்மஃபியோர்டினதும் கிழங்குகளுக்கு நல்ல பெயர் உண்டு. தோல் மெல்லியது, உரிக்கத் தேவையில்லை, தேய்த்துக் கழுவினால் போதும். மாப்பிடிப்புக் குறைவாதலால் மசிப்பதற்கு ஆகாது, பால்கறிக்கும் பிரட்டலுக்கும் உகந்தது. பச்சை படர்ந்த கிழங்கை எறிந்துவிடுங்கள். ஸ்பிஸ்கோல் என்னும் கூர்முனைக் கோவாவை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு மூன்று நிமிடம் வதக்கினால் வறை தயார். சாதாரணக் கோவாவைப் போல நெடுநேரம் வாட்ட வேண்டாம். பீற்றூற்றைக் கோடையில் இலையோடு கட்டாக விற்பர். அவ்விலையை வறைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலும் ஒட்சாலிக் அமிலம் உண்டு என்பதைச் சிறுநீரக நோயாளர் மறக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது ஸ்குவாஷைப் பற்றியே. தாய்மார்கள் இதனைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகின்றேன்.

ஸ்குவாஷ் நமது பீர்க்கங்காய்க்கும் நீத்துப்பூசணிக்கும் இடையிலான ஒரு காய். நீரூற்றாமல் சமைக்கலாம், தன் நீரிலேயே வேகும். கூட்டு, பச்சடி, சொதி எதற்கும் இசையும். வளர்ப்பதற்கும் எளியது. இரண்டு செடி வைத்தால் ஓகஸ்ட் மாதத்தில் அயலவருக்கெல்லாம் கொடுத்தும் தீராது. ஆகவே நம்மவர் பலர் வீட்டுத்தோட்டத்திலும் கொலனித்தோட்டத்திலும் இதனை வளர்க்கின்றனர். நானும் வளர்த்தேன். நமது பழக்கப்படி நன்றாக முற்றிய ஒரு காயை விதைக்கென விட்டு, விதையைக் கழுவிக் காயவைத்து, அடுத்த வசந்தத்தில் ஊன்றினேன். முதல் ஆண்டு அச்செடிக்கு அருகே அழகுக்காக வைக்கும் சிறு பூசணிச் செடியும் இருந்தது. அதனை நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் ஆண்டுக் காய் பார்வைக்கு எவ்வித வேறுபாடுமின்றி இருந்தது. மனைவி கூட்டு வைத்தார். வாயில் இட்டதும் கடுங் கைப்பு. நான் சட்டியைக் கவிழ்க்க எழுந்தேன். எண்பது வயதைக் கடந்த எனது தாயார் தடுத்தார். "கைக்குதெண்டு எறியாதை தம்பி. கைப்புத்தான் சீனி வருத்தத்துக்கு மருந்து. பாகற்காய் திண்டு வளர்ந்தனாங்கள்தானே" என்றார். அவர் சொல்லைத் தட்ட மனமின்றி நான் மூன்று கரண்டி உண்டேன். அவர் உண்பதற்கு முன்னரே எனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிட்டது. அன்றிரவு முழுவதும் வாந்தியும் வயிற்றோட்டமும். அம்மா உண்ணாமல் தப்பியது நற்பேறு.

நிகழ்ந்தது இதுதான். ஸ்குவாஷும் அழகுப் பூசணியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வண்டுகளும் தேனீக்களும் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றிற் சேர்த்துவிடும். அந்த ஆண்டுக் காய் கெடாது. ஆனால் அக்காயின் விதையிலிருந்து எழும் செடியில் 'குக்கர்பிற்றசின்' என்னும் கைப்பு நஞ்சு தோன்றக்கூடும். சமைப்பதால் அது அழியாது. 2015 ஓகஸ்டில், ஜேர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், 79 வயதான ஒருவர், வீட்டில் விளைந்த இத்தகைய காயைக் கறிசமைத்து உண்டு உயிரிழந்தார். அவரோடு உண்ட மனைவியும் நோயுற்றார், ஆயினும் பிழைத்துக்கொண்டார்.

டேனியர் ஒருவர் கைக்கும் ஸ்குவாஷைக் கடித்தால் உடனே துப்பிவிடுவார். கைப்பு அவருக்குப் பழக்கமன்று. நமக்கோ கைப்பு மருந்து, வேப்பம்பூ வடகம் உண்பவர்கள் நாம். நம்மைக் காக்க வேண்டிய நாவே இங்கு நம்மை ஏமாற்றிவிடும். பாகற்காய் கைக்க வேண்டும். ஸ்குவாஷும் பூசணியும் வெள்ளரியும் கைக்கக் கூடாது. ஆகையால், நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாவில் வைத்துப் பாருங்கள். கைத்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வயது முதிர்ந்தோருக்கு நாச்சுவை மங்கிவிடுவதுண்டு. எனவே இளையவர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்குங்கள். கத்தரி, பயற்றை விதைகளைச் சேமித்து வைப்பதில் இந்த அபாயம் இல்லை.

நஞ்சு உண்டதாக ஐயம் எழுந்தால் 82 12 12 12 என்ற இலக்கத்தை அழையுங்கள். அது நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம், இரவும் பகலும் இயங்கும். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 112. டேனிய மொழி பேசத் தயங்குவோர் பிள்ளைகளின் உதவிக்குக் காத்திருக்க வேண்டாம். உண்ட பொருளின் பெயரையும் வயதையும் நேரத்தையும் சொன்னாலே போதும், மற்றவற்றை அவர்கள் கேட்டறிவர்.

சிறுவர்களைப் பற்றியும் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மே இறுதியிலும் யூனிலும் இங்குள்ள தோட்டங்களில் மஞ்சட் பூங்கொத்துக்கள் சரம் சரமாகத் தொங்கும் ஒரு மரத்தைக் கண்டிருப்பீர்கள். கண்டவுடன் 'நமது கொன்றை' என்று மனம் மகிழும். அதன் டேனியப் பெயர் 'குல்றைன்', அதாவது பொன்மழை. அழகிய பெயர். ஆனால் அது கொன்றையன்று, அம்மரம் முழுவதும் நஞ்சு. பூ உதிர்ந்த பின்னர் வரும் காய் பட்டாணிக் காய் போன்றே இருக்கும். இந்நாட்டுப் பிள்ளைகள் கோடையில் பட்டாணியைப் பச்சையாக உரித்து உண்பது வழக்கம். நமது பேரப்பிள்ளைகளும் அதனைப் பழகிவிட்டனர், அது நல்ல பழக்கமே. ஆயின் பட்டாணி கொடியில் அல்லது கடைப் பையில்தான் இருக்கும், மரத்தில் இராது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

காட்டிலும் கடற்கரையிலும் பழம் பறிப்பது குற்றமா என்று பலர் என்னை வினவுவதுண்டு. இது என் துறை, ஆகவே சற்றுத் துணிவோடு பேசலாம். பொதுக் காடுகளில் உங்கள் சொந்தப் பாவனைக்கென பழமும் காளானும் மூலிகையும் பறிக்கலாம், தண்டனை ஏதுமில்லை. தனியார் காட்டில் பாதையை விட்டு விலகக் கூடாது. பாதையில் நின்றவாறு கைக்கெட்டியதைப் பறிக்கலாம், சூரியன் மறைந்த பின்னர் அங்கு நிற்கக் கூடாது. கிளையை முறிப்பதும் வேரோடு பிடுங்குவதும் எங்கும் கூடாது. விற்பனைக்காகப் பறிப்பதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். எவ்வளவு பறிக்கலாம் என்றால், ஒரு தொப்பி நிறையும் அளவு என்று டேனியர் கூறுவர். 1241இல் இரண்டாம் வல்டமார் மன்னர் வெளியிட்ட யூலந்துச் சட்டத்திலிருந்து அவ்வழக்கம் வருவதாகச் சொல்வார்கள். நமது அம்மாக்களின் பனையோலைக் குட்டானைத் தொப்பி என்று கொள்வாரா என்பதை நான் இன்னும் எவரிடமும் கேட்கவில்லை.

ஓகஸ்டில் வேலியோரமெங்கும் கறுத்துத் தொங்கும் பிறொம்பேரைத் தயக்கமின்றிப் பறிக்கலாம். ஹில் மரத்தின் வெண்பூவை யூனில் பறித்துத் தேசிக்காயோடு ஊறவைத்துச் சர்பத் காய்ச்சலாம். அதே மரத்தின் கரும்பழத்தை மட்டும் பச்சையாக உண்ண வேண்டாம், வாந்தி வரும். கொதிக்கவைத்த பின்னரே உண்ண வேண்டும். உங்களால் திட்டமாக இனங்காண முடியாத எதனையும் தொடாதீர்கள். ஊரில் இப்படி ஒன்று இருந்தது என்ற நினைவு இங்கே சான்றாகாது.

நிலம் வைத்துப் பயிரிட விரும்புவோருக்குக் கொலனித்தோட்டங்கள் உள. இந்நாட்டின் முதலாவது கொலனித்தோட்டச் சங்கம் 1884இல் ஓல்போர்கில் அமைந்தது. இன்று 2001ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் காக்கின்றது. காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கலாம், ஆகவே இப்பொழுதே பதிந்துவைப்பது நன்று. நகர்ப்புற மண் இலேசாக மாசடைந்ததாக வகைப்படுத்தப்பட்டிருக்கலாம். உங்கள் துண்டின் நிலையை நகரசபையின் சுற்றாடற் பகுதியிற் கேட்டறியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஐயமிருப்பின் கிழங்குகளைத் தோல்சீவி உண்ணுங்கள்.

தெருவோரச் சிறு தட்டிகளில் கிழங்கும் பட்டாணியும் ஸ்ட்ரோபெரியும் வைத்திருப்பர். விற்பவர் அங்கிரார். விலை எழுதியிருக்கும், உண்டியலிலோ கைபேசியிலோ பணம் செலுத்த வேண்டும். கடையிலுள்ளவற்றைவிட அவை அநேகமாகப் புதியவை. சில்லறை வைத்திருங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோருக்கு ஒன்று. 14.12.2019 முதல், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரும் பழம், மரக்கறி, இலை, பூ, விதை அனைத்திற்கும் அந்நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டுமே: அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அப்பட்டியலில் இல்லை. 'அம்மா தந்துவிட்டவை' என்பது சட்டத்தின் முன் விளக்கமாகாது. விமானநிலையத்தில் அவற்றைப் பறித்து அழிக்கும்போது படும் மனவேதனையை நான் அறிவேன், எனது பையும் ஒருமுறை திறக்கப்பட்டது. ஆயினும் அவ்விதி பூச்சியும் பயிர்நோயும் பரவாதிருக்கவே உள்ளது, எவரையும் அவமதிப்பதற்காகவன்று.

இறுதியாக, கோடை முடிந்த பின்னர் உறைந்த பழங்களை வாங்குவோர் கவனத்திற்கு. வெளிநாட்டிலிருந்து வரும் உறைந்த பழங்களை, குறிப்பாக ஹின்பேரை, ஒரு நிமிடம் கொதிக்கவைத்த பின்னரே உண்ணுமாறு டேனிய உணவு அதிகாரசபை கூறுகின்றது. அவற்றால் வயிற்றோட்டமும் ஈரல் அழற்சியும் பரவிய நிகழ்வுகள் உண்டு. பிறந்தநாள் கேக்கின் மேல் அலங்காரமாக வைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனது பேச்சு இவ்வளவே. பின்னாலுள்ள மேசையில் மூன்று பாத்திரங்கள் உள. முதலாவது ரபார்பர்ப் பருப்பு. இரண்டாவது ஸ்டிக்கல்ஸ்பேர் ஊறுகாய், உறைப்புச் சற்றுக் கூடிவிட்டது, பொறுத்தருள்க. மூன்றாவது ஸ்குவாஷ் கூட்டு. அதனை இன்று காலை மனைவியும் நானும் தனித்தனியே சுவைத்துப் பார்த்துவிட்டோம், கைக்கவில்லை. சிறுநீரக நோயுள்ளோர் முதலாவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். சோறு சூடாக உள்ளது. கேள்விகளை உண்டுகொண்டே கேட்கலாம்.